சாமிக்குக் கால் சுடாது

நம் வயதை எட்டியபிறகு ஒரு சங்கடம் இருக்கிறது, கவனித்தீர்களா? நம்மை யாரும் திட்டுவதில்லை. நாம் சொல்வது தப்பு என்று நமக்கே தெரியும்போதும் எதிரில் இருப்பவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். மருமகள் ஆட்டுகிறாள், பேரன் ஆட்டுகிறான், ஊசி போட வருகிற நர்ஸ் பெண் "சரிங்க பாட்டி, சரிங்க பாட்டி" என்கிறாள். போன வாரம் குழம்பில் உப்பே இல்லை என்று சத்தம் போட்டேன். ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்புறம் பார்த்தால் நான் இன்னும் குழம்பே ஊற்றிக்கொள்ளவில்லை, வெறும் சோற்றைத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். ஒருவருக்காவது அதைச் சொல்லத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும், எனக்குத் தெரியும்.

இப்படி ஊரே தலையாட்டுகிற சுகத்தை நான் ஒன்பது வயதிலேயே ஒரு முறை அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் இப்போது கிடைக்கும்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. அந்தச் சுகத்தில் இருந்து என்னைப் பிடித்து இறக்கியவள் என் அத்தை. அத்தை என்றால் நைனாவுடைய அக்கா. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவளைப் போல ஒரு வாய்க்காரியை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அந்த வருஷம், ஜப்பான்காரனோடு யுத்தம் நடந்த சமயம், சென்னைப் பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று பேச்சு கிளம்பியிருந்தது. சித்திரையிலேயே ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலில் இருந்து இறங்க ஆரம்பித்தார்கள். எங்கள் திருத்தணிக்கு எப்போதும் வருவது மொட்டை போடுகிற கூட்டம். வரும், சரவணப் பொய்கையில் முழுகும், மலை ஏறும், போய்விடும். இந்தக் கூட்டம் போகவில்லை. தையல் மிஷினோடும் கிராமபோன் பெட்டியோடும், ஒரு வீட்டார் கூண்டுக் கிளியோடும் வந்து இறங்கினார்கள். அந்தக் கிளி இங்கிலீஷ் பேசும் என்றார்கள். நான் பார்த்தவரையில் அது கத்தத்தான் கத்தியது.

ஸ்டேஷனுக்கும் மலைக்கும் நடுவே இருந்த ஒரு சத்திரத்துக்கு நைனா மணியக்காரர். தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொள்வார். சத்திரத்தின் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். அதுவரை நைனாவை யாரும் பெரிதாக மதித்தது கிடையாது. தண்ணீர் வரவில்லை, மூட்டைப்பூச்சி கடிக்கிறது என்று அவர்மேல் பாய்வார்கள், அவரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அந்த வருஷமோ பட்டணத்து வக்கீல்கள் அவர் முன்னால் நின்று, "எப்படியாவது ஒரு ரூம் பாருங்கோ சார்" என்றார்கள். நைனாவின் நடையே மாறிவிட்டது. இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "கோயில் மாடு வருது, வழி வுடுங்க" என்பாள்.

வைகாசியில் தம்பிக்கு ஜுரம் கண்டது. அவனுக்கு மூன்று வயது. கண் செருகிப்போய், பால் உள்ளே இறங்காமல், துணி மாதிரி அம்மா மடியில் கிடந்தான். ஒரு சாயங்காலம் நைனா வாசலில் போய் மலையைப் பார்த்து நின்றார். "புள்ளை பொழைச்சா, ஆடிக் கிருத்திகைக்கு என் பொண்ணு புஷ்பக் காவடி எடுப்பா" என்று உரக்க வேண்டிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. ஜுரம் இறங்கிவிட்டது. தம்பி எழுந்து ஓடியாடத் தொடங்கிய பிறகும் அம்மா அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை விடவில்லை. "காவடி செலுத்தற வரைக்கும் இவன் அந்த முருகனுது. அதுக்கப்புறம்தான் நம்முளுது" என்பாள். வேண்டுதலில் ஒரு சின்னக் குறை விழுந்தாலும் ஜுரம் திரும்பி வந்துவிடும் என்று அவள் நம்பினாள். அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள் ஆடி முழுவதும் இருந்தது.

ஆடி பிறந்ததும் என் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டினார்கள். மஞ்சள் பாவாடை, மஞ்சள் தாவணித் துண்டு, கழுத்தில் உருத்திராட்சம். அன்றோடு என் பெயர் போய்விட்டது. காப்புக் கட்டியவர்களைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், திட்டக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, வெளியே போகும்போது காலில் விழுந்து கும்பிட வேண்டும். இதெல்லாம் எங்கள் பக்கத்து வழக்கம். பெரியவர்களுக்குக் காப்புக் கட்டினால் அவர்கள் அடக்கமாக இருப்பார்கள். ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் அம்மா என் காலில் விழுந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அவள் விழ மறந்துவிட்டாள். "இன்னும் சாமி காலைத் தொடலையே?" என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

பட்டணத்து வக்கீலம்மா இருந்தாளே, தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்டவள், இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவள், அவளே ஒருநாள் குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கையில் சந்தன சோப்பு வாசனை. அத்தோடு நான் கெட்டேன். நான் என்றே சொல்வதை விட்டுவிட்டேன். "சாமிக்குத் தண்ணி வேணும்." "சாமிக்கு இந்தக் கீரை புடிக்காது." "சாமி தூங்குறப்போ யாரும் கிணத்துல ராட்டினம் இழுக்கக் கூடாது." வக்கீலம்மாவின் பிள்ளைகள் ரெண்டு பேர், ஒரு பையனும் ஒரு பெண்ணும், எனக்குப் பனைவிசிறியால் விசிறினார்கள். கை வலிக்கிறது என்று அந்தப் பையன் நிறுத்தினால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பேன். பயந்துபோய் மறுபடி விசிறுவான். வெயில் காலத்தில் அது எவ்வளவு சுகம் என்று நான் சொல்ல வேண்டுமா?

அம்மா பிறந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அவள் வீட்டுக் காவடிக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. காவடி எடுக்கிறவர்கள் மஞ்சள் துணியை ஏந்திக்கொண்டு போய் நாலு வீட்டில் அரிசிப் பிச்சை வாங்கி, அந்த அரிசியில்தான் கிருத்திகைப் பொங்கல் வைக்க வேண்டும். இது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அம்மா வீட்டாருக்கு அதில் ஒரு பிடி அரிசியாவது பேச்சு வார்த்தை இல்லாத வீட்டில் இருந்து வந்திருக்க வேண்டும். சண்டைக்கார வீட்டு அரிசி கலக்காத பொங்கலைச் சாமி ஏற்றுக்கொள்ள மாட்டார்.

இதற்குச் சிலர் குறுக்கு வழி வைத்திருந்தார்கள். முதல்நாள் பக்கத்து வீட்டோடு பொய்ச்சண்டை போட்டுக்கொள்வது, மறுநாள் அரிசி வாங்குவது, அன்று சாயங்காலமே சேர்ந்து உட்கார்ந்து பொங்கல் தின்பது. நைனாவுக்கும் அந்த யோசனைதான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நெஜமான சண்டை ஒண்ணு வூட்லயே இருக்கறப்போ பொய்ச்சண்டை எதுக்கு? சாட்சிக்காரன் கால்ல வுழறதை வுட சண்டைக்காரன் கால்ல வுழறது மேலு. உங்க அக்கா வூட்ல வாங்கிகினு வாங்க" என்றாள்.

அந்த நிஜச் சண்டை தம்பியைத் தொட்டிலில் போட்ட அன்று வந்தது. பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் கிடத்துவது அத்தையின் உரிமை. அத்தை பொய்கைக் கரையோரம் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன் என்று மாமா ஒருவர் இருந்தார், அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்று பால் ஊற்றி முடித்துவிட்டு, தம்பிக்கு வெள்ளி அரைஞாணோடு அத்தை வந்து சேர்ந்தபோது, சத்திரத்தில் தங்கியிருந்த ஒரு பெரிய மனிதரின் சம்சாரம் தம்பியைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று நைனா அவசரப்பட்டுவிட்டாராம். அத்தை வாசல்படியைக்கூட மிதிக்கவில்லை. அரைஞாணை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போனவள்தான். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

கிருத்திகைக்கு முதல்நாள் காலையில் நான்தான் போனேன். முன்னால் நான், பின்னால் விசிறியோடு வக்கீல் வீட்டுப் பையன், சொம்புத் தண்ணீரோடு அவன் தங்கை. மற்ற வீடுகளில் நான் போய் நின்றதும் ஓடி வந்து காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, விழுந்து கும்பிட்டு, அரிசி போட்டிருந்தார்கள். சண்டைக்கார வீடாக இருந்தால் என்ன? சாமியைக் கண்டால் அத்தையும் பதறிப்போய் ஓடிவருவாள் என்றுதான் நினைத்தேன்.

அத்தை மாட்டுத் தொழுவத்தில் குந்திப் பால் கறந்துகொண்டிருந்தாள். சாணி வாசனை, பிண்ணாக்கு வாசனை. பித்தளைச் செம்பில் பால் சர் சர்ரென்று விழுந்தது.

"அரோகரா" என்றேன்.

அத்தை திரும்பவில்லை. மாட்டின் முதுகைத் தட்டி, "செவலை, வாசல்ல யாரோ வந்துகினு கீறாங்க பாரு" என்றாள்.

"அத்தே, சாமி வந்திருக்குது. அரிசி போடு."

"சாமியாமே, கேட்டியா செவலை? சாமி மலை மேல கீது. அது எறங்கி வந்தா நமக்குத் தெரியாமலா போவும்? இது போன மாசம் நம்ம வைக்கப்போர்ல ஏறி சறுக்கி, போரையே சாய்ச்சிட்டுப் போச்சே, அந்த சாமியாட்டம் கீது."

என் பின்னால் விசிறிக்காரன் களுக்கென்று சிரித்தான். எனக்குக் காது சிவந்துவிட்டது.

"சாமிக்குக் கோவம் வருது" என்றேன்.

"கோவம் வந்தா மயிலேறிப் போவட்டும், செவலை. நாம இன்னா புடிச்சா வெச்சிகினு கீறோம்?"

மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது. அது ஒன்றுதான் அந்த வீட்டில் என்னைப் பார்த்தது. பேச்சு இல்லாத வீட்டுப் பெண்ணோடு பேசக்கூடாது, ஆனால் பேசாமல் இருக்கவும் அத்தையால் முடியாது. அதனால் அத்தனையும் மாட்டிடம் போயிற்று. அது புரிகிற வயது எனக்கு இல்லை. சாமியை விட்டுவிட்டு மாட்டோடு பேசுகிறாளே என்று மஞ்சள் துணியை ஏந்தியபடியே நின்றேன்.

அத்தை கறந்து முடித்துச் செம்போடு எழுந்தாள். "நேர்ந்துக்கினவன் ஒருத்தன், பிச்சைக்கு வர்றது ஒருத்தியா? அரிசி வேணும்னா வர வேண்டியவன் வரட்டும் செவலை. ஒன்பது வயசுப் பொண்ணுக்கு வேசம் கட்டி முன்னால அனுப்பிட்டு, பின்னால ஒளிஞ்சிகினா ஆச்சா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். அத்தை சாமியை எப்படியெல்லாம் அவமானப்படுத்தினாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மயில் சமாசாரத்தை ரெண்டு தரம் சொன்னேன். அம்மாவும் நைனாவும் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "வர வேண்டியவன் வரட்டும்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"போய்ட்டு வந்துடுங்க" என்றாள் அம்மா.

"நானா? அவ வாசல்லயா? மடியேந்திகினா?" என்றார் நைனா. "சத்திரத்துல அத்தனை பேரு பாக்கறப்போ?"

"புள்ளைக்கோசரம்."

"வேற வழி இல்லாமலா போச்சி?"

அவர்கள் பேசப் பேச, அங்கே சாமி ஒருத்தி அழுதுகொண்டு நிற்பது யாருக்கும் நினைவில்லை. விசிறிக்காரனும் எங்கோ கோலி ஆடப் போய்விட்டான்.

வேற வழி என்று நைனா சொன்னது என் மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை. அவர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டினார். சாதுவான மனிதர், குதிரையைக்கூட வாங்க போங்க என்று பேசுவார். அன்று மத்தியானம் சத்திரத்து வாசலில் பொய்ச்சண்டை என்று ஏற்பாடு. குதிரை வந்து சத்திரத்துத் தொட்டியில் வாய் வைத்தது என்பது காரணம்.

"இன்னாய்யா, மனுசன் குடிக்கற தொட்டியில குதிரையை வுடறே?" என்றார் நைனா.

"குதிரையும் ஒரு சீவன்தானே பாவா" என்றார் மாமா, தாழ்ந்த குரலில். அக்கா புருஷனை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"பாவான்னு கூப்புடாதே. சண்டைன்னா சண்டையாட்டம் போடு."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா முறைத்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது, வக்கீல்கள்கூட மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் மாமாவுக்கு ஒரு வேகம் வந்தது. "நீ இன்னா பெரிய மேனேஜரா? சாவிக்கொத்தைக் கட்டிக்கினா பெரிய மனுசனாயிடுவியா? கூடப் பொறந்தவளையே வாசல்ல நிக்க வெச்சி அனுப்புனவன்தானே நீ? உனக்கு ஒறவு எதுக்கு, சாவி போதும்" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. நைனாவின் முகம் கறுத்துவிட்டது. அப்படியே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மாமா பதறிப்போய், "பாவா, சும்மா சொன்னேன் பாவா. நீதானே சண்டை போட சொன்னே" என்று அவர் தோளைத் தொட்டார். பிறகு என்ன தோன்றியதோ, அம்மாவைப் பார்த்து, "அக்கா, இது நெஜமாவே சண்டை ஆயிடுச்சி. இப்ப நான் அரிசி போட்டா செல்லுமா?" என்று கேட்டார். அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மாமா இப்போது இல்லை. அவருடைய ஜட்கா மணி சத்தம் மட்டும் சில சமயம் காதில் கேட்கும். வேண்டுமென்று சொன்னதா, தவறி விழுந்த பேச்சா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

கிருத்திகை அன்று விடியற்காலையில் பொய்கைக் கரையில் எனக்கு மொட்டை போட்டார்கள். தலையில் சந்தனம் ஜில்லென்று இருந்தது. படித்துறை முழுக்க ஜனம். சித்தூர், நகரி, புத்தூர் என்று அந்தப் பக்கத்து ஜனமும் நம் ஜனமும் கலந்து, தெலுங்கிலும் தமிழிலும் ஒரே அரோகரா. அரளியும் சாமந்தியும் மரிக்கொழுந்தும் கட்டிய காவடியை என் தோளில் ஏற்றினார்கள். மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார். சுற்றி இருந்தவர்கள் என் காலில் விழுந்தார்கள். முதல்நாள் பட்ட அவமானமெல்லாம் கரைந்து, நான் மறுபடியும் முழுச் சாமியாகிவிட்டேன்.

அப்போது நைனா இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தார். என் இடுப்பில் இருந்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டார். அத்தை வீட்டைப் பார்த்து நடந்தார். நாங்களும் மேளத்தோடு பின்னால் போனோம்.

அத்தை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நைனா துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா" என்றார். அவ்வளவுதான் வந்தது.

அத்தை துடைப்பத்தைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. நைனா கை இறக்கவில்லை. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஜனம் வேடிக்கை பார்த்தது. அம்மா தம்பியின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அத்தை ஒரு முறம் நிறைய அரிசியோடு வந்தாள். வாயைத் திறக்காமல், ஒரு மணி கீழே சிந்தாமல், நைனாவின் துணியில் கொட்டினாள். அந்த வருஷம் அரிசி கிடைப்பதே குதிரைக்கொம்பு.

கொட்டி முடித்து முறத்தைத் தட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "அரிசி போடறதுக்கு முன்ன பேசிட்டா உன் பொண்டாட்டி வூட்டு வழக்கத்துல அது செல்லாதாமே. இப்ப செல்லும் இல்ல? இப்ப பேசறேன். டேய், நேரம் முடிஞ்சிபோச்சின்னியே அன்னிக்கு, நெஜமா நேரம்தான் முடிஞ்சிதா? புள்ள இல்லாதவ கை ஆவாதுன்னு எவளோ உன் காதுல ஓதுனா. ஓதுனாளா இல்லியா, சொல்லு."

நைனா அந்தக் கூட்டத்தில், அந்த வக்கீலம்மா முன்னாடி, "ஆங், சொன்னாங்க அக்கா. நானும் கேட்டுக்கினேன்" என்றார்.

நேரம் முடிந்தது என்பதைத்தான் நான் அதுவரை நம்பியிருந்தேன். அத்தை ஒன்றுமில்லாததற்கெல்லாம் முறைத்துக்கொண்டு திரிகிறவள் என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசுவார்கள். பெரியவர்கள் ஒரு மனுஷியை எவ்வளவு சுலபமாக வாய்க்காரி என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று இப்போது நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அன்று ஆனால் எனக்கு வேறு குறை. பூக்காவடியோடு நான் நிற்கிறேன், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லையே என்று.

அத்தை அழவில்லை. மூன்று வருஷத்துக்குச் சேர்த்துவைத்ததை எல்லாம் திட்டித் தீர்த்தாள். நைனா இடையிடையே "ஆங்" என்றார். தம்பி அம்மாவின் கையில் இருந்து நழுவி, இவ்வளவு நல்லாச் சத்தம் போடுவது யார் என்று பார்க்க அத்தை கிட்டே போய் நின்றான். அத்தை திட்டிக்கொண்டே அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திட்டு நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகு அத்தை திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் எங்களோடு சேர்ந்து மலை ஏறுவதாகக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. "நான் உங்ககூட வரல. கிருத்திகைக்கு அபிசேகத்துக்குப் பால் எடுத்துகினு போறவ நானு. வழி ஒண்ணா இருந்தா நான் இன்னா பண்றது?" என்று, இடுப்பில் தம்பியும் கையில் பால்செம்புமாகப் பத்துப் படி பின்னாலேயே வந்தாள். அங்கிருந்தபடியே காவடி சாய்கிறது, மேளம் சரியில்லை, பூவை இப்படியா கட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அத்தை வாசலில் நேரம் போய்விட்டதால் வெயில் ஏறிவிட்டிருந்தது. ஆடி வெயில், கருங்கல் படி, வெறுங்கால். பாதிப் படி ஏறுவதற்குள் என் பாதம் பற்றி எரிந்தது. அம்மா ஒரு தரம், "சாமிக்குக் கால் சுடுதா?" என்று கேட்டாள்.

"சாமிக்குக் கால் சுடாது" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் கால் எழும்பவில்லை. நின்றுவிட்டேன். உடம்பு நடுங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன், காவடி கிடுகிடுவென்று ஆடியது.

யாரோ ஒரு அம்மாள், "அருள் வந்துடுச்சி, சாமிக்கு அருள் வந்துடுச்சி" என்றாள்.

அவ்வளவுதான். சுற்றிக்கொண்டார்கள். அரோகராவில் மலை அதிர்ந்தது. மேளக்காரர் என் முகத்துக்கு நேரே வந்து வேகமாக அடித்தார். ஒருவர் கற்பூரத்தை ஏற்றி என் காலடியிலேயே வைத்தார். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு அழுதாள், என் பிள்ளையைக் காப்பாத்திட்டே முருகா என்று என்னைப் பார்த்துத்தான் அழுதாள். நைனாவும் கும்பிட்டார். சந்தன சோப்பு வாசனையோடு வக்கீலம்மா குனிந்து காலைத் தொட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன், நைனாவைப் பார்த்தேன். அவர்கள் கண்ணில் நான் இல்லவே இல்லை. சொன்னால் வேண்டுதல் கெட்டுவிடுமோ என்று எனக்கும் பயம். என்ன ஆனாலும் தம்பி நம்முடையவன் ஆக வேண்டும்.

"தள்ளுங்க" என்று ஒரு குரல் கேட்டது. "தள்ளுங்கறேன் இல்ல? மேளத்தை நிறுத்துய்யா."

அத்தை கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தாள். தம்பியை நைனாவிடம் கொடுத்தாள். கற்பூரத்தைக் கையாலேயே தட்டி அணைத்தாள். பிறகு என் எதிரே படியில் உட்கார்ந்து, என் கணுக்காலைப் பிடித்துத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தாள்.

"அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு இருக்குதா உங்களுக்கு? புள்ளைக்குக் கால் கொப்புளிச்சி கீது" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மாட்டை அல்ல, என்னை. "சுடுதாடி?" என்று கேட்டாள்.

"சுடுது அத்தே" என்றேன். சொன்னதும் எனக்கு அடக்க முடியவில்லை. சாமியாவது ஒன்றாவது. வாயைத் திறந்து, ஒன்பது வயதுப் பெண் எப்படி அழுவாளோ அப்படி அழுதேன்.

அத்தை பக்கத்தில் வைத்திருந்த செம்பை எடுத்தாள். மூடியிருந்த இலையை நீக்கிவிட்டு, பாலை என் பாதத்தில் ஊற்றினாள். ஒரு காலுக்கு நிதானமாக, பிறகு அடுத்த காலுக்கு.

"ஐயோ, சாமிக்குக் கொண்டாந்த பாலு" என்று கூட்டத்தில் யாரோ பதறினார்கள்.

"அவனுக்கு ஊர்ல ஆயிரம் பேரு கொண்டாறாங்க. இவளுக்கு யாரு கொண்டாந்தீங்க?" என்றாள் அத்தை, தலையை நிமிர்த்தாமலே.

அத்தை தன் முந்தானையைக் கிழித்து என் இரண்டு பாதத்திலும் சுற்றிக் கட்டினாள். நைனா குனிந்து, காவடியின் ஒரு பக்கத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். நைனா முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "நைனா, நான் நடப்பேன். தம்பிக்கோசரம் நடப்பேன்" என்றேன். 'நான்' என்று சொல்லி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"நடப்பே, நடப்பே. மொதல்ல பார்த்து நட" என்றாள் அத்தை. இப்போது அவள் பின்னால் வரவில்லை. காலிச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாகப் போய், தன் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, "இங்க வை. அங்க வேணாம், வெயிலு. இங்க வை" என்றாள்.

அவள் சொன்ன இடத்திலெல்லாம் காலை வைத்து ஏறினேன்.